கிட்டார் மிடி தடுமாறும்போது: ஹெக்ஸாஃபோனிக் பிக்கப்புக்கு அறிகுறிவாரியாக ஒரு வழிமுறை

காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் கல்யாணக் கச்சேரிக்கும் கோயில் திருவிழாவுக்கும் வாசிக்கும் மெல்லிசைக் குழுக்களில் இன்று ஒரு கிட்டார்காரரிடம் நாதஸ்வரம், புல்லாங்குழல், வயலின் கூட்டம் எல்லாவற்றையும் எதிர்பார்க்கிறார்கள். கிட்டாரிலிருந்து மிடி, அதாவது எந்தச் சுரம், எவ்வளவு பலம் என்று மின்னணுக் கருவிக்குச் சொல்லும் செய்தி, எடுத்தால் அது முடியும். ஆனால் எடுத்தவுடனே தொந்தரவும் தொடங்கும். அப்போது என்னிடம் வரும் கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான்: "அண்ணே, எந்த பிக்கப் வாங்கினா இது சரியாகும்?"

அதற்கு நான் திருப்பிக் கேட்பது, "என்ன தப்பு வருது, அதை முதல்ல சொல்லுங்க தம்பி." எல்லா ஹெக்ஸாஃபோனிக் பிக்கப்பும் தவறு செய்யும். ஒவ்வொரு வகையும் தனக்கே உரிய விதத்தில் தவறு செய்யும். பாதிக்கு மேல் புகார்கள் இருக்கிற பிக்கப்பை ஒழுங்காகப் பொருத்தினாலே தீர்ந்துவிடுகின்றன. மீதியில் சிலவற்றுக்குத்தான் பிக்கப்பை மாற்ற வேண்டியிருக்கிறது.

தெரியாதவர்களுக்காக ஒரு பத்தி. சாதாரண பிக்கப் ஆறு கம்பிகளின் ஒலியையும் கலந்து ஒரே சிக்னலாகத் தரும். ஹெக்ஸாஃபோனிக் பிக்கப் ஆறையும் தனித்தனியாகத் தரும். கன்வெர்ட்டர் ஒவ்வொரு கம்பியின் சுருதியையும் அளந்து மிடியாக மாற்றும். ரோலண்ட் ஜிகே-3, ஃபிஷ்மேன் டிரிபிள்பிளே போன்றவை காந்த வகை. பிரிட்ஜுக்கும் அதை ஒட்டிய சாதாரண பிக்கப்புக்கும் நடுவே உட்காரும், எஃகுக் கம்பி இருந்தால்தான் வேலை செய்யும். கிராஃப் டெக் கோஸ்ட், ஆர்எம்சி ஆகியவை பியஸோ வகை. கம்பி அமரும் சாடிலுக்குள்ளேயே சென்சார் இருப்பதால் அதிர்வை நேரடியாக வாங்கும், நைலான் கம்பியும் அதற்கு ஒத்துவரும்.

எதையும் திருகுவதற்கு முன் ஒரு சோதனை செய்துவிடுங்கள். பியானோ ஒலி ஒன்றைத் தேர்ந்தெடுத்து எஃபெக்ட் எல்லாவற்றையும் அணைத்துவிடுங்கள். ஒவ்வொரு கம்பியையும் திறந்தும், பன்னிரண்டாம் ஃப்ரெட்டிலும், மெதுவாகவும் பலமாகவும் மீட்டுங்கள். கன்வெர்ட்டரில் கம்பிவாரி மீட்டர் இருந்தால் கண் அதிலேயே இருக்கட்டும். நாதஸ்வர ஒலியில் சோதிக்காதீர்கள். அது தவறுகளை மூடி மறைக்கும். பியானோ எதையும் மறைக்காது.

ஒரே ஒரு கம்பி மட்டும் பேசவில்லை

பிக்கப்பையும் கன்வெர்ட்டரையும் இணைப்பது பதின்மூன்று பின் கேபிள் என்றால் முதலில் கேபிளைச் சந்தேகப்படுங்கள். அதில் ஒன்று முதல் ஆறு வரையிலான பின்கள் முறையே முதல் கம்பியிலிருந்து ஆறாம் கம்பி வரை. ஏழாவது பின் கிட்டாரின் சாதாரண பிக்கப்புக்கு, எட்டாவது வால்யூமுக்கு. பன்னிரண்டும் பதின்மூன்றும் பிக்கப்புக்கு மின்சாரம் கொண்டுபோகின்றன. ஆகவே நான்காம் கம்பி மட்டும் ஊமை என்றால் நான்காம் பின் வளைந்திருக்கலாம், அல்லது அதன் சால்டர் விட்டிருக்கலாம். ஆறும் ஒன்றாக ஊமையானால் மின்சாரம் வரும் பின்களைப் பாருங்கள். பியஸோவில் ஒரு கம்பி மட்டும் செத்தால், அந்தச் சாடிலிலிருந்து உள்ளே போகும் மெல்லிய ஒயரைப் பார்க்க வேண்டும். கம்பி மாற்றும்போது அது நசுங்குவது சாதாரணம்.

மீட்டாத கம்பியும் ஒலிக்கிறது

இந்தப் புகார்தான் அதிகம் வரும். இதற்கு மூன்று காரணங்கள் இருக்கின்றன, மூன்றுக்கும் மருந்து வேறு. எது என்று கண்டுபிடிக்காமல் சென்சிட்டிவிட்டியை (மெல்லிய அதிர்வையும் பிடிக்கும் அளவை) குறைப்பதுதான் எல்லோரும் செய்வது. குறைத்தால் மீட்டாமலே வரும் பேய் சுரம் போகும், கூடவே மெதுவாக வாசிக்கும் சுரமும் போய்விடும்.

இப்படிப் பிரித்துப் பாருங்கள். ஐந்தாம் கம்பியை ஏழாம் ஃப்ரெட்டில் பிடித்து மீட்டுங்கள். ஆறாம் கம்பியின் சுரமும் சேர்ந்து வருகிறதா? இப்போது ஆறாம் கம்பியை விரலால் நன்றாக அமுக்கிக்கொண்டு மறுபடியும் மீட்டுங்கள்.

அமுக்கியதும் பேய் சுரம் நின்றுவிட்டால் அந்தக் கம்பி உண்மையிலேயே அதிர்ந்திருக்கிறது. ஏழாம் ஃப்ரெட்டில் வரும் ஈ, திறந்த ஆறாம் கம்பியையும் முதல் கம்பியையும் தட்டி எழுப்பும். இது அனுநாதம், பிக்கப்பின் குற்றம் இல்லை. வலது உள்ளங்கையின் ஓரத்தைப் பயன்படுத்திப் பழகுங்கள். ஒற்றைக் கம்பி மெட்டு மட்டும் வாசிக்கும் பாட்டுக்கு நட்டின் அருகே கம்பிகளுக்கு மேல் ஒரு மெத்தென்ற துணிப் பட்டையைச் சுற்றிவிடலாம். நான் அப்படித்தான் செய்கிறேன், நன்றாக வேலை செய்கிறது.

அமுக்கியும் நிற்கவில்லை என்றால் சென்சார் பக்கத்துக் கம்பியைக் கேட்கிறது என்று பொருள். காந்த வகையில் பெரும்பாலும் பொருத்தியதில்தான் கோளாறு இருக்கும். ஒவ்வொரு கம்பியும் அதற்குரிய சென்சாரின் நடுவில் போகிறதா என்று மேலிருந்து பாருங்கள். கம்பிகளுக்கு இடையிலுள்ள தூரம் கிட்டாருக்குக் கிட்டார் மாறும். பிக்கப்பின் தூரத்தோடு அது பொருந்தாவிட்டால் ஓரக் கம்பிகள் விலகித்தான் நிற்கும். நடுக் கம்பிகளைச் சரியாக வைத்து, விலகலை இரண்டு ஓரங்களுக்கும் சமமாகப் பகிர்ந்துகொடுங்கள். பிறகு உயரம். ஜிகே-3 போன்றவற்றில் கடைசி ஃப்ரெட்டை அழுத்திப் பிடித்தால் கம்பிக்கும் பிக்கப்புக்கும் நடுவே சுமார் 1 மி.மீ. இடைவெளி வேண்டும். பிரிட்ஜிலிருந்து 20 மி.மீ.க்குள் இருக்க வேண்டும். கண் மதிப்பில் 1 மி.மீ. அளக்க முடியாது. பைக் மெக்கானிக் வால்வு இடைவெளி பார்க்க வைத்திருக்கும் ஃபீலர் கேஜை வாங்கி அளந்துவிடுங்கள். காந்தம் அதை இழுக்கும், ஆகவே மெதுவாக நுழையுங்கள்.

பியஸோவில் கதை வேறு. ஆறு சாடிலும் ஒரே உலோகத் தட்டில், ஒரே மரத்தில் நிற்கின்றன. ஒன்றின் அதிர்வு மற்றதற்கு ஓரளவு போகத்தான் செய்யும். கிட்டார் உடம்பில் விரல் பட்டாலும் அதற்குக் கேட்கும். ஆடும் சாடிலின் திருகை இறுக்குங்கள். அப்புறம் கம்பிவாரியாக மட்டும் சென்சிட்டிவிட்டியைக் குறையுங்கள். ஆறையும் ஒரே அடியாகக் குறைக்க வேண்டாம்.

மூன்றாவது காரணம் இடது கை. விரலைத் தூக்கும்போது கம்பி லேசாகச் சுண்டப்பட்டு, திறந்த சுரம் பலவீனமாக வரும். மென்பொருளில் குறைந்தபட்ச வெலாசிட்டி (மீட்டிய பலத்தைச் சொல்லும் மிடி எண்) வரம்பு ஒன்று இருந்தால் அதை மெல்ல ஏற்றுங்கள். பேய் சுரத்தின் வெலாசிட்டி எப்போதும் சிறிதாகவே இருக்கும், உங்கள் மெல்லிய வாசிப்பு அதற்குச் சற்று மேலே இருக்கும். அந்த இடைவெளியில் வரம்பை நிறுத்துவதுதான் வேலை.

கீழ்க் கம்பிகள் பின்தங்கி வருகின்றன

கோர்டு, அதாவது பல கம்பிகளை ஒன்றாக, அடித்தால் மெல்லிய கம்பிகள் முதலிலும் தடித்த கம்பிகள் பிறகும் கேட்கும். தாளத்தில் நிற்க முடியாமல் கிட்டார்காரர் முன்னால் ஓடத் தொடங்குவார். இதை பிக்கப் மாற்றித் தீர்க்கப் பார்ப்பவர்களுக்கு நான் முதலில் கணக்கைத்தான் காட்டுவேன்.

ஆறாம் கம்பி 82.4 ஹெர்ட்ஸ். ஒரு முழு அலை முடிய 12 மில்லி விநாடி ஆகும். முதல் கம்பி 329.6 ஹெர்ட்ஸ், அதற்கு 3 மில்லி விநாடி போதும். மீட்டிய முதல் நொடித்துளியில் வருவது பிளக்ட்ரத்தின் உரசல் மட்டுமே, அதில் சுருதி கிடையாது. அதன் பிறகு இரண்டு அலை பார்த்துத் தீர்மானிக்கும் கன்வெர்ட்டர் என்று வைத்துக்கொண்டால், தடித்த கம்பிக்கு 24, மெல்லிய கம்பிக்கு 6 மில்லி விநாடி. எந்த பிக்கப்பாலும் கம்பியை வேகமாக அதிரவைக்க முடியாது. பிக்கப் செய்யக்கூடியது, அந்த இரண்டு அலையையும் சுத்தமாகக் கொடுப்பது. அழுக்கான அலை வந்தால் கன்வெர்ட்டர் மூன்றாவது, நான்காவது அலைக்காகக் காத்திருக்கும். தாமதம் அங்கேதான் கூடுகிறது.

ஆக, இயற்கையான பங்கை ஏற்றுக்கொண்டு மற்றதைக் குறைப்போம். மெட்டை ஒரு ஆக்டேவ் மேலே வாசித்து, மிடியை ஒலியாக்கும் சிந்தசைசரில் பன்னிரண்டு செமிடோன் (அரைச்சுரம்) இறக்கிவிடுங்கள். ஆறாம் கம்பியில் திறந்த ஈ வாசிப்பதற்குப் பதில் நான்காம் கம்பியின் இரண்டாம் ஃப்ரெட்டில் வாசித்தால் காத்திருப்பு பாதியாகிவிடும். எனக்குத் தெரிந்த வைத்தியங்களில் இதுதான் மிகப் பெரிய பலன் தருவது. பைசா செலவில்லை.

மடிக்கணினியில் ஒலி எடுப்பவர்கள் பஃபரை, அதாவது கணினி ஒரு தடவைக்குச் சேர்த்து அனுப்பும் ஒலித் துண்டின் அளவை, பாருங்கள். 48,000 சாம்பிள் வேகத்தில் 512 என்றால் 10.7 மில்லி விநாடி, 128 என்றால் 2.7. பழைய ஐந்து பின் மிடி கேபிளில் ஒரு சுரம் போக ஏறக்குறைய 1 மில்லி விநாடி பிடிக்கும். ஆறு சுரக் கோர்டு என்றால் ஆறு. யூஎஸ்பி இருந்தால் அதையே எடுங்கள்.

அப்புறம், யாரும் கவனிக்காத ஒன்று: ஒலிபெருக்கியின் தூரம். ஒலி ஒரு மீட்டர் கடக்க சுமார் 3 மில்லி விநாடி ஆகும். திருவிழா மேடையில் மானிட்டரை ஐந்து மீட்டர் தள்ளி வைத்தால் 15 மில்லி விநாடி கூடுதல். கன்வெர்ட்டரைத் திட்டுவதற்கு முன் சவுண்ட் சர்வீஸ்காரரிடம் சொல்லி மானிட்டரைக் காலடிக்குக் கொண்டுவாருங்கள். இயர்போன் வைத்துக்கொண்டால் இன்னும் நல்லது. நம் பக்கத்துப் பெரிய வீட்டு வளவுகளில் வாசிப்பவர்களுக்கு இது இரட்டிப்பாகப் பொருந்தும். அங்கே வழவழப்பான சுவரும் கல்தூணும் ஒலியைத் திருப்பி அனுப்பிக்கொண்டே இருக்கும். எதிரொலியைக் கேட்டு வாசித்தால் தாளம் நிச்சயம் தவறும்.

கமகம் படிக்கட்டாகிறது, அல்லது சுருதி எங்கோ போகிறது

காரைக்குடி வீணைச் சகோதரர்கள் பெயர் வாங்கிக்கொடுத்த ஊர் இது. முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும் பெரியவருக்கு மிடி தெரியாது, ஆனால் தோடியின் காந்தாரம் அசையாமல் நின்றால் உடனே தெரிந்துவிடும். அதனால் இந்த இடத்தில் அவசரப்படாதீர்கள்.

அறிகுறி ஒன்று: கம்பியை வளைத்தால் சுரம் சறுக்காமல் அரை அரைச் சுரமாகத் தாவுகிறது, ஒவ்வொரு தாவலிலும் ஒலி புதிதாகத் தொடங்குகிறது. கன்வெர்ட்டர் குரோமாட்டிக் நிலையில் இருக்கிறது. பியானோவுக்கு அது சரி. நாதஸ்வரம், வீணை, வயலினுக்கு அதை அணைத்துவிட்டு பிட்ச் பெண்டை (சுருதியை வளைக்கும் மிடி செய்தியை) அனுமதிக்க வேண்டும்.

அறிகுறி இரண்டு: சறுக்குகிறது, ஆனால் அளவு தப்பாக இருக்கிறது. பெண்ட் வரம்பு, அதாவது சுருதி அதிகபட்சம் எவ்வளவு வளையலாம் என்ற அமைப்பு, கன்வெர்ட்டரிலும் சிந்தசைசரிலும் ஒன்றாக இல்லை. பெரும்பாலான சிந்தசைசர்கள் 2 செமிடோன் என்று வைத்து வருகின்றன. கிட்டாருக்கு 12 அல்லது 24 வைப்பதுதான் வழக்கம். கன்வெர்ட்டரில் 12, சிந்தசைசரில் 2 என்று இருந்தால், நீங்கள் ஒரு முழுச் சுரம், அதாவது 2 செமிடோன் வளைத்தாலும் காதில் விழுவது ஒரு செமிடோனில் மூன்றில் ஒரு பங்குதான். தலைகீழாக இருந்தால் ஒரு செமிடோன் வளைக்க ஆறு செமிடோன் எகிறும். வளைத்தும் கிட்டத்தட்ட அசையவே இல்லை என்றால் முதல் வகை. சைரன் மாதிரி ஓடினால் இரண்டாவது. எம்பிஇ (ஒவ்வொரு சுரத்துக்கும் தனிச் சேனல் தரும் மிடி முறை) ஏற்கும் மென்பொருளில் வரம்பு 48 என்று இருக்கும், அங்கே கன்வெர்ட்டரையும் 48க்குக் கொண்டுபோங்கள்.

அறிகுறி மூன்று: ஒரு கம்பியை வளைத்தால் கோர்டு முழுவதும் வளைகிறது. ஆறு கம்பியும் ஒரே மிடி சேனலில் போகின்றன. பிட்ச் பெண்ட் என்பது சேனல் முழுவதற்கும் பொதுவான கட்டளை. கம்பிக்கு ஒரு சேனல் என்று ஆறு சேனல் பிரித்து, சிந்தசைசரிலும் ஆறு சேனலிலும் அதே ஒலியை வையுங்கள். மோனோ நிலை என்று பட்டியலில் இருக்கும்.

அறிகுறி நான்கு: எல்லாம் சரியாக வைத்தும் அசைவில் மெல்லிய பற்கள் கேட்கின்றன. பிட்ச் பெண்ட் செய்தியில் 14 பிட் இடம் இருக்கிறது. 12 செமிடோன் வரம்பிலும் ஒரு படி ஒரு சென்டைவிட (செமிடோனில் நூறில் ஒரு பங்கைவிட) சிறியது, காது பிடிக்காது. வழியில் இருக்கும் ஏதோ ஒரு பெட்டி அல்லது ஃபில்டர் அதை 7 பிட்டாக வெட்டினால் ஒரு படி 18 சென்டுக்கு மேலாகிவிடும். அது நன்றாகவே கேட்கும். மிடி கேபிள் நெரிசலைக் குறைக்கச் சொல்லி 'பெண்ட் தின்னிங்' போன்ற வசதி எங்காவது ஓடுகிறதா என்று பாருங்கள், இருந்தால் நிறுத்துங்கள்.

பிக்கப் வகை இங்கே ஓரளவு முக்கியம். காந்த வகையில் கம்பியைப் பக்கவாட்டில் அதிகம் இழுத்தால் அது தன் சென்சாரைவிட்டு விலகிப் பக்கத்துச் சென்சாரை நெருங்கும். ஒலி மெலியும், பேய் சுரம் தலைகாட்டும். பிரிட்ஜுக்கு எவ்வளவு அருகே பிக்கப் இருக்கிறதோ அவ்வளவு விலகல் குறைவு. பியஸோவில் இந்தத் தொல்லையே இல்லை. கம்பியை இழுத்தே கமகம் வாசிப்பவர் என்றால் நான் பியஸோவின் பக்கம்தான் பேசுவேன். ஃப்ரெட்டில் நழுவியே வாசிப்பவருக்குக் காந்த வகை போதும்.

திடீரென்று ஒரு ஆக்டேவ் மேலே தாவுகிறது

கம்பியில் அடிப்படைச் சுரத்தைவிட மேல் ஸ்வனங்கள் (அதனோடு சேர்ந்து எழும் உயர்ந்த ஒலிகள்) பலமாக இருக்கின்றன. முதல் சந்தேகம் பழைய கம்பி. வியர்வையும் துருவும் ஏறிய கம்பி நீளம் முழுக்க ஒரே கனமாக இருக்காது, அதன் அலை கலங்கும். பங்குனி, சித்திரை வெயிலில் மேடை ஏறுகிறவர்கள் வாசித்து முடித்ததும் கம்பியைத் துடையுங்கள், வழக்கத்தைவிடச் சீக்கிரம் மாற்றுங்கள். அடுத்து ஃப்ரெட் உரசல். காரில் வெயிலில் கிடந்த கிட்டாரின் கழுத்து வளைவு மாறியிருக்கும். காலையில் உரசாத கம்பி மாலையில் உரசும். இரட்டைப் பக்க டேப்பால் ஒட்டிய பிக்கப்பும் அதே சூட்டில் இளகி நகரும், ஆகவே 1 மி.மீ. கணக்கை மறுபடியும் பாருங்கள். கடைசியாக, மீட்டும் இடம். பிரிட்ஜை ஒட்டி மீட்டினால் மேல் ஸ்வனம் தூக்கலாக வரும். சற்று நடுவே வந்து, ஒரே சீராக மீட்டுங்கள்.

கல்யாண வீட்டில் மட்டும் இரைச்சல், தானாக சுரம் விழுகிறது

வீட்டில் நன்றாக இருந்தது, பந்தலில் கெட்டுவிட்டது என்றால் கிட்டாரைத் தொடாதீர்கள், மின்சாரத்தைப் பாருங்கள். நம் கரண்ட் 50 ஹெர்ட்ஸ். உறுமல் 50இலும் அதன் மடங்கான 100இலும் வரும். 100 ஹெர்ட்ஸ் ஐந்தாம் கம்பியின் 110க்கு மிக அருகில் இருப்பதால் கீழ்க் கம்பிகள்தான் முதலில் குழம்பும். காந்த வகை பிக்கப் சீரியல் செட், ஜெனரேட்டர், டிம்மர் இவற்றின் காந்தப்புலத்தை வாங்கிக்கொள்ளும். மேடையில் நின்றபடியே திரும்பிப் பாருங்கள். ஒரு திசையில் உறுமல் குறைந்தால் காரணம் அதுதான். அந்தத் திசையில் நில்லுங்கள், அல்லது விளக்கு ஒயரை நகர்த்தச் சொல்லுங்கள். பியஸோ காந்தப்புலத்தை வாங்காது, ஆனால் அதன் சிக்னல் மிக மெலிது என்பதால் உள்ளே ஷீல்டு சரியில்லாவிட்டால் இரையும்.

திரும்பியும் குறையவில்லை என்றால் எர்த் சுற்று, அதாவது கருவிகள் ஒன்றுக்கு மேற்பட்ட எர்த் வழிகளில் இணைந்து இரைச்சல் ஓடுவது. மடிக்கணினியை அடாப்டரிலிருந்து பிடுங்கி பேட்டரியில் ஓட்டிப் பாருங்கள். இரைச்சல் நின்றால் எல்லா அடாப்டரையும் ஒரே பிளக் பெட்டியிலிருந்து எடுங்கள், மிக்சருக்குப் போகும் ஒலியை எர்த்தைப் பிரிக்கும் டிஐ பெட்டி வழியாக அனுப்புங்கள். எர்த் பின்னை மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் வெட்டாதீர்கள். கையில் உலோகக் கம்பி, உதட்டருகே மைக். ஜெனரேட்டரில் கோளாறு வந்தால் உயிர் போகும்.

வயர்லெஸ்ஸில் சுரம் விழுந்து விழுந்து வருகிறது

டிரிபிள்பிளே 2.4 கிகாஹெர்ட்ஸில் பேசுகிறது. மண்டபத்து வைஃபையும் ப்ளூடூத்தும் அதே இடத்தில்தான். ரிசீவரை மடிக்கணினியோடு ஒட்டிச் செருகாமல், ஒரு யூஎஸ்பி நீட்டிப்பு ஒயரில் மாட்டி, கண்ணுக்கு நேரே தெரியும்படி மைக் ஸ்டாண்டில் கட்டுங்கள். மடிக்கணினியின் வைஃபையை அணையுங்கள். அதற்கும் சரியாகவில்லை என்றால் கூட்டம் பெரிதாக இருக்கும் நிகழ்ச்சிகளுக்கு ஒயர் உள்ள வகைதான் நிம்மதி.

அக்கூஸ்டிக் கிட்டாரில் கீழ்க் கம்பிகள் மட்டும் சோர்ந்திருக்கின்றன

காந்த பிக்கப்புக்குக் கேட்பது எஃகு, நிக்கல் போன்ற காந்தம் இழுக்கும் உலோகம் மட்டும்தான். வெண்கலம் சுற்றிய கம்பியில் உள்ளிருக்கும் எஃகு நூல் மட்டும் பேசும், சுற்று பேசாது. நிக்கல் சுற்றிய எலக்ட்ரிக் கம்பி மாட்டிப் பாருங்கள். அக்கூஸ்டிக் ஒலி கொஞ்சம் மங்கும், கன்வெர்ட்டர் சுருதி பிடிப்பது சமமாகும். நைலான் கிட்டாரில் காந்த வகை அறவே வேலை செய்யாது, பியஸோதான்.

எல்லாம் பார்த்தாயிற்று, இன்னும் சரியில்லை

அப்போது மாற்றலாம். வாங்குவதற்கு முன் பார்க்க வேண்டியது வெளியே வரும் பிளக். பதின்மூன்று பின் வகை ஆறு கம்பியின் ஒலியையே அனுப்புகிறது. ஆகவே ஜிஆர்-55, எஸ்ஒய்-1000 போன்ற கிட்டார் சிந்தசைசர் பெட்டிகளில் மிடி அல்லாத கிட்டார் மாடலிங்கும் (கம்பியின் ஒலியையே வேறு கருவி போல மாற்றுவதும்) கிடைக்கும், அதில் சுருதி அளக்கக் காத்திருக்க வேண்டியதில்லை. டிரிபிள்பிளே மிடியை மட்டும் தருகிறது. கணினியில் ஒலி எடுப்பவருக்கு அது நேர்வழி, அந்தப் பெட்டிகளோடு சேராது. கோஸ்ட் சாடில் போட்டால் சிக்னலைப் பதின்மூன்று பின்னுக்குக் கொண்டுவரும் ஹெக்ஸ்பாண்டர் போர்டும் வேண்டும், கிட்டாருக்குள் இடம் குடைய வேண்டியிருக்கலாம். பழைய, நல்ல கிட்டாரில் இதைச் செய்யச் சொல்ல எனக்கு மனம் வராது. ஜிகே-3க்குப் பிறகு 2023இல் வந்த ஜிகே-5 டிஜிட்டல் முறைக்கு மாறிவிட்டது, கேபிளும் வேறு. கையில் பழைய பதின்மூன்று பின் பெட்டி இருந்தால் இடையில் மாற்றி ஒன்று வைக்காமல் அது பேசாது. அந்த மாற்றியின் விலையையும் சேர்த்துக் கணக்குப் போட்டுவிட்டுக் கடைக்குப் போங்கள்.